வேலையை ஏன் விட்டேன்னு கேக்குறீங்க

ஐயோ, பயந்துட்டீங்களா மேடம்? உக்காருங்க, உக்காருங்க. ஒண்ணும் ஆகல. மாட்டுக்குத் தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம் வந்துச்சே, அது பக்கத்து ரூம் வாட்ச்மேன் அண்ணன். ட்ரம்பெட் பழகுறார். இருட்டினா ஆரம்பிச்சிடுவார். மொத நாள் கீழ் வீட்டு அம்மா, யாருக்கோ பிரசவ வலி வந்துடுச்சுன்னு நெனச்சு வெந்நீரைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறி ஓடி வந்தாங்க. இப்ப எல்லாருக்கும் பழகிடுச்சு. என் பொண்ணுக்கு இதுதான் தாலாட்டு. பாருங்க, கண்ணு சொக்குது. இன்னும் ரெண்டு ஊது ஊதினார்னா ஆள் காலி.

டீ போடட்டுமா? வேணாமா? ஆய்வுக்கு வந்த வீட்ல கை நனைக்கக் கூடாதோ? சரி, தண்ணியாவது குடிங்க. தண்ணிக்கு ரூல் இருக்காது.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும் மேடம். காலையில இருந்து பில்டிங் பூரா அதே பேச்சுதான். இந்தத் தெருவுக்கு வாடகை, சாப்பாடு, மருந்து மூணுக்கும் நாங்க பொறுப்புன்னு உங்க ஆபீஸ்ல சொல்லி வருஷம் ஒண்ணாச்சு. ஜனங்க வேலைக்குப் போறாங்களா, காலை நீட்டிப் படுத்துட்டாங்களான்னு பாக்குறீங்க. வேலையை விட்டவங்க சரியான காரணம் சொல்லலைன்னா அடுத்த மாசத்துல இருந்து எதுவும் கிடையாது. சரிதானே? நான் வேலையை விட்டவ. காரணம் சொல்லணும். சொல்றேன், சொல்றேன். எங்க ஓடிப்போகப் போறேன்.

அதுக்கு முன்னாடி அந்த ட்ரம்பெட்காரர் கதையை முடிச்சுடறேன். அவர் வருஷக்கணக்கா ஒரு குடோன் வாசல்ல ராத்திரி காவல் நின்னவர். மூட்டை எல்லாம் உள்ள சுகமா தூங்கும், இவர் வெளிய முழிச்சிருப்பார். இனிமே சோத்துக்குப் பயமில்லன்னதும் மறுநாளே வேலையை விட்டார். விட்டுட்டுப் படுத்தார் பாருங்க, ஒரு மாசம் எந்திரிக்கல. உயிரோட இருக்காரான்னு அவர் சம்சாரம் அப்பப்ப மூக்குல விரல் வெச்சுப் பாப்பாங்க. அப்புறம் ஒரு நாள் எந்திரிச்சார். என் வீட்டுக் குழாய் ஒழுகுதான்னு கேட்டார். ஒழுகல அண்ணேன்னு சொன்னேன். நம்பல. கழட்டினார். அதுக்கப்புறம்தான் ஒழுக ஆரம்பிச்சுது. ரெண்டு நாள் கழிச்சு அவரே சரி பண்ணார்னு வெச்சுக்கோங்க. இப்ப தெருவுல எந்த வீட்லயும் ஒரு சொட்டுத் தண்ணி வீணாப் போகல. ஒழுகுற குழாய் கிடைக்காமத்தான் மனுஷன் ஊத ஆரம்பிச்சிருக்கார். அவரை வேலை செய்யாதவர் பக்கம் எழுதுவீங்களா, செய்யறவர் பக்கம் எழுதுவீங்களா? ஆங், சிரிக்கிறீங்க. எழுத முடியல இல்ல?

முனையில ரொட்டி போடறவர் இருக்காரே, அவரைப் பாத்தீங்களா? அவர் ஒரு நாள் கூட விடல. அடுப்புப் பக்கத்துல நிக்கலைன்னா உடம்பு குளிருதாம். ஆனா ஆளு மாறிட்டார் மேடம். தினமும் ஒருத்தர் வருவார், ஒவ்வொரு ரொட்டியையும் நகத்தால குத்திப் பாத்துட்டு, நேத்துதான்யா நல்லா இருந்துச்சும்பார். நேத்து வந்தா முந்தாநேத்து நல்லா இருந்துச்சும்பார். இவரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஆமாங்க சார், சரிங்க சார். போன மாசம் அந்தாளு குத்தினார். இவர் ரொட்டியை வெடுக்குனு பிடுங்கி உள்ள வெச்சுட்டு, உமக்கு ரொட்டி கிடையாது, போம்னுட்டார். தெருவே கை தட்டிச்சு. மறுநாள் அந்தாளு வந்து கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறார், ஸ்கூல் பையன் மாதிரி! அதே அடுப்பு, அதே மாவு. ஆனா இப்பதான் ரொட்டியே நல்லா இருக்குங்கறாங்க.

எல்லாரும் இப்படித்தான்னு பொய் சொல்ல மாட்டேன். மேல் மாடியில ஒருத்தர் இருக்கார். அக்கா வீட்ல தங்கியிருக்கறதால அவரை எல்லாரும் மச்சான்னுதான் கூப்பிடுவோம். கட்டிலை விட்டு இறங்க மாட்டார். அவரை நீங்க தாராளமா எழுதிக்கலாம். ஆனா மேடம், அவர் முன்னாடியும் இறங்கினதில்ல. முன்னாடி வேலை தேடப் போறேன்னு சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய் டீக்கடையில உக்காந்திருப்பார். இப்ப சட்டை துவைக்கிற வேலை மிச்சம்னு அவங்க அக்கா சொல்றாங்க.

சரி சரி, என் கதைக்கு வரேன். கையில வாட்சைப் பாக்காதீங்க, பயமா இருக்கு. நான் கான்வென்ட்ல படிச்சவ மேடம், பெரியவங்க வாட்சைப் பாத்தாலே எந்திரிச்சு நின்னுடுவேன்.

ஒரு பெரிய வீட்ல குழந்தைகளைப் பாத்துக்கிட்டேன். ரெட்டைப் பசங்க. அங்கயே தங்கணும், என் பொண்ணையும் வெச்சுக்கலாம்னாங்க. இவ அப்பாவா? நல்ல கேள்வி. அவரைக் கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க. இவ அப்ப கைக்குழந்தை. அதனால அந்த வேலை கிடைச்சதே பெரிய விஷயம். நல்லா இங்கிலீஷ் பேசுவேன், சாரி, தேங்க்யூ எல்லாம் சரியான இடத்துல சொல்லுவேன்னு அந்த வீட்டு மேடத்துக்கு என்னை ரொம்பப் புடிக்கும். பசங்களும் தங்கம். இன்னிக்கும் அதுங்க ஞாபகம் வந்தா மார்ல பாலூறுற மாதிரி இருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அங்க பிள்ளைங்களைக் குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், தூங்க வைப்பேன். அதுக்குப் பேர் வேலை. இங்க இவளைக் குளிப்பாட்டுறேன், ஊட்டுறேன், தூங்க வைக்கறேன். அதுக்குப் பேர் சும்மா இருக்கறது. அப்ப நானும் கீழ் வீட்டு அம்மாவும் பிள்ளைங்களை மாத்திக்கிட்டோம்னா ரெண்டு பேருக்கும் வேலை வந்துடும், உங்க ஆபீஸுக்கும் சந்தோஷம். இல்ல மேடம், கிண்டல் பண்ணல. கொஞ்சம் பண்ணேன். சாரி.

சம்பளத்துல குறை இல்ல. சாப்பாட்டுல குறை இல்ல. உடம்பும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆமா, அப்புறம் ஏன்னுதான் கேப்பீங்க. எழுதறதுக்கு உங்க ஃபாரத்துல எடம் இல்லன்னு தெரியும். உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை, வேற காரணம். அவ்வளவுதானே போட்டிருப்பீங்க.

அக்கான்னு கூப்பிடட்டுமா? மேடம்னு சொன்னா வாய்ல வர மாட்டேங்குது.

எங்களுக்குக் கொடுத்த ரூம் சமையலறைக்குப் பக்கத்துல அக்கா. சின்ன ரூம், ஜன்னல், ஃபேன் எல்லாம் உண்டு. உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் இல்ல. அந்த வீட்டு மேடத்துக்கிட்ட கேட்டேன். எதுக்கும்மா, ராத்திரி பசங்க அழுதா நான் உன்னை எப்படி எழுப்பறது, இது குடும்பம் இருக்கற வீடுதானேன்னாங்க. நியாயம்தான். பசங்க ராத்திரியில அழறதில்லங்கறது வேற விஷயம்.

அந்த வீட்டுக்காரர் தண்ணி குடிக்க வருவார். சமையலறை அந்தப் பக்கம், எங்க கதவு இந்தப் பக்கம். இருட்டுல வழி தெரியலம்பார். அவர் கட்டின வீடு, அவருக்கே வழி தெரியல. ஒரு தடவை தெரியாம வரலாம். தினமும் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு தாகமா எடுக்கும்? நான் இரும்புப் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதுல முதுகைச் சாய்ச்சு, இவளை மடியில போட்டுக்கிட்டு உக்காந்தே தூங்குவேன். பெட்டி நகர்ந்தா முழிப்பு வந்துடும். குட் ஈவினிங் சார்னு சத்தமா சொல்வேன். நடு ராத்திரியில குட் ஈவினிங்! சிரிக்கலாம் அக்கா, நானே நெனச்சு சிரிப்பேன். வீடு பூரா கேக்கற மாதிரி சொன்னா அவர் போயிடுவார். கான்வென்ட் படிப்பு வீணாகல பாருங்க.

ஒரு தடவை நானே கடையில ஒரு தாழ்ப்பாள் வாங்கி, கரண்டிக் காம்பால திருகித் திருகி மாட்டினேன். கோணலாத்தான் மாட்டினேன். மறுநாள் பசங்களை பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து பாத்தா அதைக் காணோம். ஆணி போட்ட ஓட்டையை எல்லாம் அடைச்சு, மேல பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. தடவிப் பாத்தாக் கூடத் தெரியாது, அவ்வளவு நேர்த்தி. யாரும் ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. பேசியிருந்தா இவளுக்குப் பாலுக்கு எங்க போறது?

அப்பதான் உங்க ஆபீஸ்ல இருந்து சொன்னாங்க, இந்தத் தெருவுல ரூம் இருக்கு, வாடகை, சாப்பாட்டுக்குக் கவலை இல்லைன்னு. அன்னிக்கே கிளம்பிட்டேன். அந்தப் பெட்டியைக் கூடத் தூக்கல.

வேலைக்குப் போவியான்னா, போவேன் அக்கா. பார்க்குக்குப் பக்கத்துல இருக்கற பால்வாடியில கேட்டிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாமான்னுதான் மொதல்ல கேட்டேன். ஆனா இந்த வாடகை, சாப்பாட்டை இப்ப நிறுத்திட்டீங்கன்னா, அவங்க கூப்பிடற வரைக்கும் நான் காத்திருக்க முடியாது. குழந்தையோட சேர்த்து உடனே எடுத்துக்கறது அந்த மாதிரி வீடுங்கதான்.

நீங்க என்ன எழுதப் போறீங்கன்னு கேக்க மாட்டேன். அழாதீங்க அக்கா, ஐய, நான் சிரிச்சுக்கிட்டுதானே சொன்னேன். பொண்ணு தூங்கிட்டா, அதான் மெதுவா பேசறேன். படியில பல்பு எரியாது, பாத்து இறங்குங்க. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பணும், அதான் மரியாதை, தெரியும். ஆனா கோச்சுக்காதீங்க, நீங்க நாலு படி இறங்கறதுக்குள்ள நான் கதவைச் சாத்திடுவேன். உங்களைன்னு இல்ல, யார் வந்தாலும் அப்படித்தான்.

கையை எடுத்துக்கோங்க, இடுக்குல மாட்டிக்கும். ம். மேல ஒண்ணு. கீழ ஒண்ணு. போட்டுட்டேன் அக்கா. நீங்க போங்க.