இந்த இடத்தில் ஒரு மூச்சு

சத்தியமா சொல்றேன் பாஷா, ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய்யா இருந்தா இந்த அஸ்பகீயா பழைய புஸ்தகச் சந்தை மதில் அப்படியே சரிஞ்சு என் தலையில விழட்டும், மேல அடுக்கியிருக்கற அகராதிங்க எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்றேன். முதல்ல உக்காருங்க. அந்தக் கலைக்களஞ்சியக் கட்டு மேல உக்காருங்க. இந்தக் கடையில அதுக்கு நாற்காலி வேலைதான், யாரும் வாங்கறதில்ல. இடது கால்தானே? வரும்போதே பாத்தேன், இழுத்து இழுத்து வந்தீங்க. டீ சொல்லியாச்சு. புதினா போட்டுத்தான்.

புஸ்தகத்தைக் கீழ வைக்காதீங்க, கையிலயே இருக்கட்டும். பொண்ணு கல்யாணத்துக்குக் குடுக்கணும், பென்சில்ல கண்டபடி கிறுக்கியிருக்கு, பாதி விலைக்குக் குடுன்னீங்க. கேக்கலாம், தப்பில்ல. ஆனா அந்தக் கிறுக்கலாலதான் இந்தக் கெய்ரோல ஒரு மனுஷர் சோறு இறங்காம கிடக்காரு. இதை எழுதினது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சாகணும். இன்னிக்கு மதியத்துக்குள்ள அந்த ஆளை நான் கண்ணுல காட்டணும். இல்லைன்னா இனிமே புஸ்தகமே தொட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவர் வாங்கலைன்னா என் கடை பாதி படுத்துடும், அது கிடக்கட்டும். புஸ்தகம் இல்லைன்னா அவரே படுத்துடுவாரு பாஷா. அதுதான் சங்கதி.

பேரு ஃபிக்ரி. எல்லாரும் மரியாதையா உஸ்தாத் ஃபிக்ரிம்பாங்க. ரயில்வேல டைம்டேபிள் போடற வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். வாங்கறது சமையல் புஸ்தகம் மட்டும்தான். கத்திரிக்காய்க்கே தனியா ஒண்ணு வெச்சிருக்காரு. எண்ணூறு சிப்பாய்க்குப் பருப்பு வேக வைக்கறது எப்படின்னு பட்டாளத்துக்காரங்க போட்டது ஒண்ணு. வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. வந்த உடனே படிக்க மாட்டாரு. முதல்ல மோந்து பாப்பாரு. அப்புறம் நடுவுல விரிச்சு நெய்க்கறை இருக்கான்னு தேடுவாரு. மத்தவங்க கறையைக் காட்டி விலையைக் குறைப்பாங்க, உங்களை மாதிரி. இவரு கறைக்குன்னு கூடக் குடுப்பாரு. ஸர்ஹான், இந்தப் பக்கத்தை ஒருத்தி உண்மையா சமைச்சிருக்காய்யா, அப்படிம்பாரு. சொல்லிட்டு நம்ம வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கட்டற கைக்குட்டையைத் தடவற மாதிரி அவ்ளோ மரியாதையா அந்தப் பக்கத்தைத் தடவுவாரு.

வீடு நான் போயிருக்கேன். கட்டிலுக்குக் கால் கிடையாது, நாலு மூலைக்கும் புஸ்தகம்தான். லெபனான்காரங்க சமையலைப் பாக்கணும்னு அடியில இருந்து ஒண்ணை உருவினாருன்னு வெச்சுக்குங்க, சம்சாரம் அன்னிக்குச் சரிவுலதான் தூங்கணும். மீன் புஸ்தகம் ஒண்ணு கலர்ப்படம் போட்டது, அதை மாடியில காத்தாட விரிச்சு வெச்சாரு. பக்கத்து வீட்டுப் பூனை மூணு குட்டியையும் கூட்டிட்டு வந்து எதிர்ல உக்காந்துடுச்சு. சிரிக்காதீங்க. இன்னொண்ணு கேளுங்க. அவருக்குச் சக்கரை ஏறிடுச்சு. இனிப்பை நிறுத்தியாச்சு, இறங்கலை. டீயில சக்கரையை நிறுத்தியாச்சு, அப்பவும் இறங்கலை. டாக்டர் தோண்டித் துருவிக் கேட்டா, ராத்திரி சாப்பிட்டதும் பஸ்பூஸா, குனாஃபான்னு படிச்சுட்டுத் தூங்கறாராம். டாக்டர் சீட்டுல எழுதியே குடுத்துட்டாரு, இருட்டினப்புறம் இனிப்பு வாசிக்கக் கூடாதுன்னு. அந்த டாக்டரும் நம்ம கடைக்கு வர்றவர்தான். வேணா கேட்டுப் பாருங்க.

சமைப்பாரான்னு கேக்கறீங்களா? அங்கதான் இருக்கு வேடிக்கை. அடுப்பங்கரைக்குள்ள அவர் நுழைஞ்சது ஒரே ஒரு தடவை. அவர் சம்சாரம் இன்ஷிராஹ் அம்மா, மக்கரோனி மேல ஊத்தறதுக்கு வெள்ளைக் குழம்பு கிண்டிட்டு இருந்தாங்க. இவரு ஒரு கையில புஸ்தகம், ஒரு கையில கடிகாரம். பின்னாடி நின்னுக்கிட்டு, இன்னும் ரெண்டு நிமிஷம் கிண்டணும்னு போட்டிருக்கே, நீ நிறுத்திட்டியேன்னாரு. அந்தம்மா கரண்டியைக் கீழ வெச்சாங்க. தலைத்துணி நுனியில கையைத் தொடைச்சாங்க. ஏங்க, உங்க டைம்டேபிள்படி என்னிக்காவது ஒரு ரயில் வந்திருக்கா, சொல்லுங்கன்னாங்க. இவரை வெளிய தள்ளினாங்க. கதவையும் அடைச்சாச்சு. அன்னியிலேருந்து சமைக்கற நேரத்துக்கு அந்தக் கதவு மூடித்தான் இருக்கும்.

இவரு விடுவாரா? வெளிய நடையில ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு. மடியில புஸ்தகம், காதுல பென்சில். ரேடியோல ஃபுட்பால் கேக்கற மாதிரி கேப்பாரு. இப்போ வெங்காயம் விழுந்துச்சு. இப்போ தீயைக் குறைச்சா. ஆஹா, கொத்தமல்லி விதையைக் கையால நுணுக்கறா, உரல்ல போடலை. எல்லாம் சத்தத்துலயும் வாசத்துலயும்தான். உள்ள நடக்கறதுல பாதி எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது, அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

முலுக்கீயாக் கீரைக்கு இழுக்கற மூச்சு உங்க ஊர்லயும் உண்டுதானே? மன்சூராக்காரங்களுக்கு நான் சொல்லணுமா. கீரை கொதி வந்து நிக்கும்போது, பூண்டையும் கொத்தமல்லியையும் நெய்யில சிவக்க விட்டு அப்படியே சுர்ருனு கொட்டற அந்த நேரம், அடுப்புக்கிட்ட நிக்கற பொம்பளை திடுக்குனு ஒரு மூச்சை உள்ள இழுக்கணும். என்னமோ பாத்துப் பயந்த மாதிரி. இழுத்தாத்தான் கீரை மேல நிக்கும். இழுக்கலைன்னா அடியில போய் உக்காந்துக்கும், மேல வெறும் தண்ணி. எங்க அம்மாவும் இழுத்தா, உங்க அம்மாவும் இழுத்திருப்பாங்க. ஆனா எந்தச் சமையல் புஸ்தகத்துலயாவது அதைப் போட்டிருக்கான்? கீரை எவ்ளோ, பூண்டு எவ்ளோ, எல்லாம் இருக்கும். மூச்சு இருக்காது.

இப்போ நீங்க அந்தப் புஸ்தகத்துல முலுக்கீயா பக்கத்தை எடுங்க. ஆமா, அதான், பச்சைக்கறை இருக்கே. ஓரத்துல என்ன எழுதியிருக்கு? இங்க ஒரு மூச்சு. நிஜமாப் பயந்து இழுக்கணும். பொய்யா இழுத்தா கீரைக்குத் தெரிஞ்சுடும். கீழயும் ஒரு வரி இருக்கு பாருங்க. இவ இழுக்கற மாதிரி இந்த ஊர்ல யாரும் இழுத்ததில்ல.

அதைத்தான் உஸ்தாத் ஃபிக்ரி இதே இடத்துல நின்னு படிச்சாரு, ரமலானுக்கு முன்னாடி. படிச்சவரு அப்படியே நீங்க உக்காந்திருக்கற கட்டு மேல உக்காந்துட்டாரு. ஸர்ஹான், யாருய்யா இவருன்னாரு. நான் இத்தனை வருஷமாச் சேத்தேன், ஒருத்தன் இதை எழுதலை. இந்த மனுஷனும் என்னை மாதிரி கதவுக்கு வெளிய உக்காந்து கேட்டிருக்கான்யா. என் மனசுல இருக்கறதை அப்படியே எழுதியிருக்கான். இவனுக்கும் நல்ல பொண்டாட்டி வாச்சிருக்கா போல. இவனை நான் பாக்கணும், ஒரே ஒரு தடவை உக்காந்து பேசணும். எனக்குச் சாப்பாட்டைப் பத்திப் பேச இந்த ஊர்ல ஒரு ஆள் இல்லய்யா, எல்லாருக்கும் சாப்பிடத்தான் தெரியும்னாரு.

நான் என்ன பண்றது? வாய் சும்மா இருக்குமா. பெரிய மனுஷர், நரைச்ச மீசை, பேர் சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பு, அப்பப்போ வந்து ஒண்ணு ரெண்டு வித்துட்டுப் போவாருன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு புஸ்தகம், அதுலயும் ஓரத்துல எழுத்து. அப்போ அந்த மீசைக்காரரைக் கப்பல்ல சமைச்சவராக்கினேன். அதுக்கடுத்த வாரம் புயல்ல கொப்பறை கவுந்து கால்ல விழுந்து லேசா நொண்டுவாருன்னேன். அந்த மீசைக்காரர் என் வாயில வளந்துக்கிட்டே போறாரு பாஷா, என்னால பிடிச்சு நிறுத்த முடியலை. கடைசியில தொல்லை தாங்காம செத்துட்டாருன்னு சொல்லிப் பாத்தேன். உஸ்தாத் இங்கயே அழுதாரு. அப்புறம் கண்ணைத் தொடைச்சுட்டு, எந்த மையவாடியில புதைச்சாங்க, ஃபாத்திஹா ஓதணும்னு கிளம்பிட்டாரு. அவசரமா உயிர் குடுக்க வேண்டியதாப் போச்சு. செத்தது அவர் இல்ல, அவர் தம்பி, நான்தான் குழப்பிட்டேன்னேன்.

உண்மையில எழுதினது யாருன்னுதானே? நீங்க டீயைக் கீழ வைங்க, சொல்றேன்.

உஸ்தாத் ஃபிக்ரியேதான்.

அட. நல்லா இழுத்தீங்களே பாஷா. இந்த மூச்சை ஞாபகம் வெச்சுக்குங்க.

வாராவாரம் இன்ஷிராஹ் அம்மா காய் வாங்க அத்தபா சந்தைக்கு வருவாங்க. வர்ற வழியில இங்க நிப்பாங்க. பையில ஒரு புஸ்தகம். முதல் தடவை நீட்டினப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, அந்தக் கத்திரிக்காய் புஸ்தகம், நானே அவருக்கு வித்தது. அம்மா, இது உஸ்தாதோடதாச்சேன்னேன். உஸ்தாத் யாரோடது, என்னோடதுதானே, என்ன தர்றேன்னு மட்டும் சொல்லுன்னாங்க. கட்டில் கூரையைத் தொடப் போகுது, பென்ஷன் பூரா காகிதமாப் போகுது, இந்த வீட்டுக்குள்ள ஒரு வாத்து வந்து எவ்ளோ நாளாச்சு தெரியுமான்னு கேட்டாங்க. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. அவங்க அதை வித்து வாத்து வாங்கிட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு உஸ்தாத் வந்தாரு. அதே புஸ்தகத்தைப் பாத்தாரு. ஸர்ஹான், எங்கிட்ட இருக்கறதை விட நல்ல பிரதிய்யான்னு வாங்கிட்டுப் போனாரு. அன்னியிலேருந்து இப்படித்தான் ஓடுது. அவரு வாங்கறாரு, அந்தம்மா விக்கறாங்க, வாத்து வருது, புறா வருது. தன் புஸ்தகத்தைத் தானே வறுத்துத் தின்னுட்டு, இந்த வாத்தோட பக்குவம் எந்தப் புஸ்தகத்துலயும் இல்லம்மான்னு அவங்ககிட்டயே சொல்றாரு.

தன் கையெழுத்து தனக்குத் தெரியாதான்னு நானும் யோசிச்சேன். நடையில விளக்கு கிடையாது, மடியில வெச்சுக் கிறுக்கினது, எழுதும்போது காது உள்ள இருக்கு. எழுதினதை மறந்துடுவாரு. கேட்டா, என் எழுத்து மாதிரித்தான்யா இருக்கு, ஆனா இந்த ஆளு என்னை விட விஷயம் தெரிஞ்சவன்னாரு.

நேத்து அந்தம்மா வந்தாங்க. புஸ்தகம் கொண்டு வரலை. மனுஷன் வாத்தைத் தொடலை ஸர்ஹான், தட்டை அப்படியே தள்ளிட்டாரு, யாரோ ஒரு மீசைக்காரனுக்காக ஏங்கறாருன்னாங்க. முகத்துல ஒரு கோவம். இத்தனை வருஷமா அந்தக் கதவுக்குப் பின்னாடி நான் மூச்சு வாங்கறேன், நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல, எவனோ பென்சில்ல எழுதினா அழறாராமேன்னாங்க. அந்தம்மா புஸ்தகத்தைத் தூக்கினதுதான் உண்டு, திறந்ததில்ல. கண்ணாடியும் கொண்டு வர மாட்டாங்க. போன வாரம் அவங்க மறுபடி வித்துட்டுப் போன இந்தப் புஸ்தகத்துல, நான் இந்தப் பக்கத்தை எடுத்து அந்தக் கடைசி வரியைப் படிச்சுக் காட்டினேன். யாரு எழுதினதுன்னும் சொன்னேன். இன்னொரு தடவை படின்னாங்க. படிச்சேன். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாங்க, சரியாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் கட்டினாங்க. அவருக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா வெக்கப்பட்டு எழுதறதை நிறுத்திடுவாரு, ஒரு ஆளைப் பிடி ஸர்ஹான், எந்த ஆளா இருந்தாலும் சரி, சட்டை மட்டும் சுத்தமா இருக்கணும்னு சொல்லிட்டு முயல் வாங்கப் போயிட்டாங்க. இன்னிக்கு மதியம் முயல் போட்டு முலுக்கீயாவாம், விருந்தாளிக்கும் சேத்து.

கையைக் குடுங்க, எழுந்திருக்காதீங்க. மீசை இருக்கு. இடது கால் இருக்கு. சட்டையும் சுத்தம். உங்களைத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல யாரும் இல்ல. காலைலேருந்து எத்தனை பேரைப் பாத்தேன்னு நினைக்கறீங்க? ஒருத்தரும் நொண்டலை. நீங்க அந்த முனையில திரும்பினப்பவே ரெண்டு டீ சொல்லிட்டேன்.

வெந்நீர் கூட வெச்சதில்லையா? அவரும்தான்.

நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், அவரே பேசுவாரு, கேட்டுக்கிட்டா போதும். இன்னிக்கு அந்த மீசைக்காரர் நீங்க, புஸ்தகம் உங்களோடதுதானே, மடியில வெச்சுக்குங்க. கப்பலைப் பத்திக் கேட்டா கடலைப் பாக்கற மாதிரி பாருங்க. முலுக்கீயாவைப் பத்திக் கேட்டா, இப்போ இழுத்தீங்களே, அந்த மூச்சை அப்படியே இன்னொரு தடவை இழுங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு இந்தப் புஸ்தகம் போகட்டும், காசு வேண்டாம். ஆனா இன்னிக்கு அவரு படிச்சு முடிச்சப்புறம்தான்.

அதோ, பழுப்புக் கோட்டு, கையில காலி வலைப்பை. நம்மளைப் பாத்துட்டாரு. உங்க காலைத்தான் பாக்கறாரு பாருங்க, வேகமா வர்றாரு. பாஷா, ஒரே ஒரு விஷயம். இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு மட்டும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க.