பதினாறு வரிசை

— எத்தனை வரிசை வெட்டின, மெர்ல்?

— பதினாறு.

— இருந்ததே இருபதுதான்!

— நாலு நிக்குதுல்ல.

— கடவுளே! நம்ம பொண்ணப் பாத்துட்டு வர்றதுக்குள்ள இப்படியா? இது துடைப்பம் கட்டற சோளமா? அலங்காரத்துக்கு வளக்கறது. கதிர் சிவக்கணும், தண்டு நீளமா இருக்கணும். நீ பச்சையில, ஒரு சாண் காம்போட நறுக்கி வச்சிருக்க.

— எங்கப்பா அப்படித்தான் வெட்டுவார், லவோன். முத்த விட்டா நார் ஒடியும்பார். கைப்பழக்கம்.

— உங்கப்பா துடைப்பக் கம்பெனிக்கு வெட்டினார். எனக்கு ஊர்த் திருவிழாவுக்கு அறுபது விளக்குக் கம்பம் ஜோடிக்கணும்.

— பச்சையும் பாக்க நல்லாத்தான் இருக்கு.

— அக்டோபர்ல, எலையெல்லாம் சிவக்கற நேரத்துல, எவன் பச்சை கேப்பான்? பூசணிக்காய் பக்கத்துல வெங்காயத்தாள் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். சிரிக்காத!

— சிரிக்கல.

— இந்த வெள்ளாமை வித்தா இங்கயே இருப்போம், விக்கலன்னா நிலத்தக் குடுத்துட்டு டிகேட்டர் டவுன்ல பொண்ணு டெனிஸ் பாத்து வச்ச அபார்ட்மென்ட்டுக்குப் போவோம். பேசினோமா இல்லையா?

— பேசினோம்.

— அப்ப கேளு. கம்பத்துக்குப் பத்து தண்டு கட்டறதா இருந்தேன். இப்ப ரெண்டு கட்டலாம். நடுவுல காஞ்ச மக்காச்சோளத் தட்டை செருகினா பருமனாத் தெரியும்.

— ஒத்துக்குவாங்களா?

— நான் பேசிக்கறேன். சிவக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள குருவி தின்னாம கதிருக்கெல்லாம் வலைப்பை கட்டணும், நீயும்தான் வரணும். போகட்டும் விடு. நாலு வரிசையாவது விட்டியே, தப்பிச்சோம்.

— லவோன்.

— என்ன?

— கைப்பழக்கம் இல்ல. சிவக்கணும்னு எனக்குத் தெரியும்.

— என்ன சொல்ற?

— தெரிஞ்சுதான் வெட்டினேன். இன்னொரு பனிக்காலம் இந்த வீட்டுல என்னால முடியாது.

— அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?

— மார்ச்ல சொன்னேன். கேட்டுட்டு விதைக்கு போன் பண்ணப் போயிட்ட.

— சரி. அப்ப அந்த நாலு வரிசைய மட்டும் ஏன் விட்ட? மனசு கேக்கலயா?

— அதெல்லாம் இல்ல. தோள் பிடிச்சுக்கிச்சு. காலையில முடிச்சிடலாம்னு இருந்தேன், நீ ஒரு நாள் முன்னாடியே வந்துட்ட.