ஆறாம் நம்பர் ஷூ

ஆவணி இரண்டாம் வெள்ளி, பிற்பகல். குன்றக்குடியிலிருந்து காரைக்குடி வரும் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு நர்ஸ்கள்.

"வெக்கத்துல காலு ஆறாம் நம்பர்னு சொல்லிப்புட்டேன்டி."

"யாருட்ட? உனக்கு எட்டுல்ல?"

"கட்டிக்கப்போறவருட்டதேன். டூட்டிக்குக் குதிகால் வலிக்காத ஷூ வாங்கித் தாரேன்னாரு."

"ஆறைப் போட்டுக்கிட்டு நாள்பூரா வார்டுல நின்னா, உன்னையவே பெட்டுல போடணும்."

போன் அடித்தது. கல்யாணப்பெண் எடுத்தாள்.

"கடையிலயா இருக்கீக? அது வந்து... எட்டு. ஆமா, எட்டுதேன்."

சற்று நேரம் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"என்னடி சொன்னாரு?"

"எட்டுதேன் எடுத்து வச்சிருக்காராம். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே வாசல்ல கிடந்த என் செருப்பைப் பாத்துட்டாராம்."

"அடியே, அதைப் பாத்துட்டுத்தேன் உள்ள வந்திருக்காரு!"