பாய் கடித்த சேவல் இறகு

பென்னாகரம் பஸ்ஸில் முன்சீட்டு பாயின் கையில் சிவப்பு நூல் சுற்றிய சேவல் இறகைப் பார்த்ததும், செய்வினை என்றே நம்பிக் காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டு தீர்த்தமலை ஈசனைக் கூப்பிட்டேன். பிறகுதான் இறகுக்குள் தூண்டில் முள் தெரிந்தது. பூச்சி மாதிரி கட்டியிருந்தார்கள். மீனுக்கு முன்னால் நான் ஏமாந்திருந்தேன்.

“முடிச்ச எடத்துல அரக்கு வைக்கலியேம்மா? ஆத்துல அவுந்துட்டா, மீன் புடிக்க வர்ற பெங்களூர் தொரை அடுத்த தடவை எங்கிட்ட வாங்குவாரா?” என்றார் பாய்.

அதைக் கட்டி விற்கக் கொண்டுவந்து பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அசரவில்லை. “நூல் நுனி மேலயே அஞ்சு சுத்து சுத்தி, நுனிய உள்ளாற இழுத்துருக்கேனுங்க. அரக்கு எதுக்கு?”

“அரக்கில்லாம எடுக்க மாட்டேன்.”

“இறகைப் பல்லுல கடிச்சு இழுங்க பாய். நூலு அவுந்தா இனிமே முள்ளையே தொடமாட்டேன்.”

பாய் கடித்து இழுத்தார். இறகு பாதியில் அறுந்து அவர் பல்லில் நின்றது. நூல் அவிழவில்லை.