நாரைகளுக்கான திட்டு

நத்தைகுத்தி நாரையின் அலகு முழுதாக மூடாது, சார். நடுவில் ஒரு சந்து இருக்கும். பார்க்கிறவர்கள் ஊனம் என்று நினைப்பார்கள். நத்தையைப் பிடிக்க வாகாகத்தான் அப்படி அமைந்திருக்கிறது. பறவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எனக்கு அரும்பாவூர்ப் பக்கம். அரியலூரைத் தாண்டி இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் வாத்தியாராக வந்தபோதுதான் ஏரியைப் பார்த்தேன். நடுவே ஒரு திட்டு, திட்டு நிறையக் கருவேல மரங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் சூழ்ந்ததும் நாரைகள் வந்து கூடு கட்டும். மனுஷன் கால் படாத இடமாக அது இருந்தால் போதும் என்று தோன்றியது. வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

ஆனால் அங்கே பூங்காவனம் இருந்தாள். புருஷன் செத்த பிறகு குடிசை போட்டு ஆடு வளர்த்தாள். ஆடுகள் கருவேலங்கன்றைத் தலையெடுக்க விடவில்லை. அவளுடைய பூனை, கீழே விழுந்த குஞ்சுகளைத் தின்றது. நான் மரியாதையாகத்தான் சொன்னேன், கரையில் இடம் பார்த்துத் தருகிறேன், வந்துவிடுங்கள் என்று.

"பறவைக்கு வூடு வேணுங்கறீங்க வாத்தியாரே. எனக்கு வேணாங்களா?" என்று சிரித்தாள்.

பூனைக்குக் கருவாட்டில் மருந்து வைத்தேன். அதிகம் கஷ்டப்படவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு ஆடுகள், ஒவ்வொன்றாக. அவள் அழுதாள். குழி வெட்டிக் கொடுத்தது நான்தான்.

"இந்த ஊர்ல எனக்கு ஒத்தாசைன்னா நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள்.

அடுத்த மழைக்குக் கன்றுகள் இடுப்புயரம் வந்தன. பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். பள்ளிக்கூடத்திலும் பாராட்டினார்கள்.

அப்படியும் அவள் கிளம்பவில்லை. அடுப்புப் புகை எழுந்தது. விறகுக்குக் கிளை ஒடித்தாள். பட்ட கிளைதானே என்பாள். பட்ட கிளையில்தான் நீர்க்காகம் உட்கார்ந்து சிறகை உலர்த்தும், அது அவளுக்குப் புரியவில்லை.

இந்த வருஷத்து மழை உங்களுக்கே தெரியும். ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. அன்று காலை நான் போனபோது அவள் குடிசைக்குள் இருந்தாள். முளையில் கட்டியிருந்த அவளுடைய பரிசலை அவிழ்த்து, என் பரிசலோடு சேர்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். பயந்துபோய் அவளே திட்டை விட்டு வந்துவிடுவாள் என்பது என் கணக்கு. எதில் ஏறி வருவாள் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குள் தண்ணீர் குடிசையை எடுத்துக்கொண்டது. கூடுகள் உயரத்தில் இருந்ததால் ஒரு முட்டைக்கும் சேதமில்லை.

மறுநாள் ஏலாக்குறிச்சியில் கட்டிக்கொடுத்த அவள் மகள் மலர்கொடி வந்தாள். ஊரே திரண்டு பரிசலில் போய்த் தேடியது. ஒரே கூச்சல். சிலர் கூடு இருக்கிற மரங்களிலேயே ஏறினார்கள். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன், யாரும் கேட்கவில்லை. அடைகாத்த நாரைகள் அத்தனையும் எழுந்து போய்விட்டன. முட்டைகளைக் காக்கை கொத்தியது. அதற்கு யார் பேரிலாவது கேஸ் போட முடியுமா, சார்?

அவள் பரிசல் என் வீட்டுக் கொல்லையில்தான் கிடக்கிறது. எடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவள் கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று கேட்டீர்கள். விழுந்தது. கருவேல மரத்தைக் கட்டிக்கொண்டு, "வாத்தியாரே, பரிசலக் கொண்டாங்க" என்று சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டாள். மழைக்கு வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. நான் கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம்தான். அடைகாக்கிற பறவை மிரண்டுவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.