பாலத்தடி மண்

ஷர்லி: வாயத் தொறங்க அண்ணி.

ஜெனிஷா: அங்கிட்டுப் போடி. காலங்காத்தால வாயப் பாக்க வந்துட்டா.

ஷர்லி: பல்லெல்லாம் கறுப்பா இருக்கு.

ஜெனிஷா: எள்ளுருண்ட. எங்கம்மா ஆவூர்லருந்து குடுத்துவிட்டுச்சு.

ஷர்லி: எள்ளுருண்ட தின்னா நகக்கண்ணுல சேறு ஏறுமா? மாடியில பேப்பர் விரிச்சு ஆத்து மண்ணு காயப்போட்டிருந்தேன். காலேஜுக்குக் கொண்டுபோற சாம்பிள். பாதியக் காணோம்.

ஜெனிஷா: எலி தின்னுருக்கும்.

ஷர்லி: எலி ஸ்பூன் போட்டு வழிக்குமா?

ஜெனிஷா: சரி, நாந்தான். போதுமா? ஒங்கண்ணன்கிட்டச் சொல்லிப்புடாத. மசக்க எப்பவோ முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு மனுசன்.

ஷர்லி: ஆறு மாசத்துலயா அண்ணி... மண்ணத் தின்னுக்கிட்டு.

ஜெனிஷா: எங்கம்மா அடுப்புச் சாம்பலத் தின்னுதான் என்னயப் பெத்துச்சு. கொறஞ்சா போயிட்டேன்? ஒங்கண்ணன் மயங்கித்தானே கட்டுனாரு.

ஷர்லி: ஆமா, மயங்கினாரு. இப்ப என் சாம்பிளுக்கு யாரு பதில் சொல்றது? மறுபடி போயி அள்ளணும், நெழல்ல காயப்போடணும், சலிக்கணும்...

ஜெனிஷா: அள்ளுறதுதான் அள்ளுற, ஒழுங்கா அள்ளு. கவர்ல பாலத்தடின்னு எழுதி வச்சிருக்க. தின்னுபாத்தா வெறும் மணலு. நறநறங்குது. பாலத்தடி மண்ணு இப்படியா இருக்கும்? என்னடி, முழிக்கிற?

ஷர்லி: அது எப்படி இருக்கும்னு... ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜெனிஷா: தெரியும், விடு.

ஷர்லி: அண்ணி. அங்க போயித் தின்னீங்களா?

ஜெனிஷா: டாக்டரம்மா சாயங்காலம் நடக்கச் சொன்னாங்கல்ல. ஆறு வத்திப்போயி, சேறு காஞ்சு ஏடு ஏடா உரிஞ்சு கெடக்கு. அப்பளம் கணக்கா. வாயில வச்சா கரையுதுடி... மொத மழ வாசன. ரெண்டு ஏடு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வருவேன்.

ஷர்லி: எந்தப் பக்கம்? முலாம் பட்டறக் கொழாய் வந்து விழுகுதே, அங்கிட்டா?

ஜெனிஷா: அங்கதான் நைசா இருக்கும். ஏன்?

ஷர்லி: எத்தன நாளா?

ஜெனிஷா: கொஞ்ச நாளா... நீ ஏன் அழுகுற?

ஷர்லி: அழுகல. நாளைக்கி என்கூடக் காலேஜ் பஸ்ஸுல வாங்க. திருச்சியில ரத்தம் டெஸ்ட் எடுத்துரலாம்.

ஜெனிஷா: இங்கதான் எடுத்தாச்சே. ரத்தம் கம்மின்னு மாத்திர குடுத்தாங்க.

ஷர்லி: இது வேற டெஸ்ட்.

ஜெனிஷா: வேறன்னா?

ஷர்லி: புழு கிழு இருக்கும், அதுக்கு...

ஜெனிஷா: புழுவுக்கு எதுக்கு திருச்சி வரைக்கும்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

ஷர்லி: ...ஈயம்.

ஜெனிஷா: ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதா?

ஷர்லி: அது வெள்ளீயம். இது காரீயம், வெஷம். கூட குரோமியம், நிக்கல்... முலாம் பூசுற தொட்டியக் கழுவி ஊத்துற தண்ணில வருது. தண்ணி ஓடிப்போயிருது. இது போகாது, சேத்துக்குள்ள எறங்கி உக்காந்துக்கும். பாக்க ஒண்ணும் தெரியாது. சேத்துல மேயிற மீனுக்கு ஏறும், மீனத் திங்கிற கொக்குக்கு ஏறும்...

ஜெனிஷா: வயித்துப் புள்ளைக்கி? ஷர்லி. புள்ளைக்கி ஏறுமா?

ஷர்லி: ஏறும் அண்ணி.

ஜெனிஷா: மாதாவே...

ஷர்லி: உக்காருங்க. எவ்வளவு ஏறியிருக்குன்னு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். இன்னையோட நிறுத்திட்டா...

ஜெனிஷா: அந்தக் கொழாய் ஒங்கண்ணன் பட்டறக் கொழாய்தானே.

ஷர்லி: ம்.

ஜெனிஷா: அவருக்குத் தெரியுமா?

ஷர்லி: மண்ணு கெட்டுப்போனது தெரியும். நீங்க திங்கிறது தெரியாது.

ஜெனிஷா: ஒனக்கு?

ஷர்லி: கிறிஸ்மஸ் முடிஞ்சதும் மொத சாம்பிளுக்கு ரிசல்ட் வந்துருச்சு. மத்த எடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சந்தான். பாலத்தடியிலதான்... எங்க சார் தப்பா அள்ளிட்டியோ, மறுபடி அள்ளிட்டு வான்னாரு. அண்ணன்கிட்ட வந்து சொன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டாரு. பட்டறைய மூடிட்டா குடும்பமே தெருவுல நிக்கும், புள்ள வேற வரப்போகுது, கண்டுக்காம விட்டுரும்மான்னாரு.

ஜெனிஷா: அதான் ஆத்துல மேலாக்கப் போயி மணல அள்ளிட்டு வந்து, பாலத்தடின்னு பேரு எழுதிட்டியா?

ஷர்லி: அண்ணன் அழுது நான் பாத்ததே இல்ல அண்ணி. இந்தப் புள்ளைக்காகத்தான்னு சொன்னாரு... நானும் புள்ளைக்காகத்தான்னு... ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்யிங்க. படிச்ச வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரு வார்த்த என்னயக் கேட்டுட்டுத் தின்னுருக்கக் கூடாதா?

ஜெனிஷா: கேட்டேனேடி. தை மாசம் நீ மாடியில சலிச்சுக்கிட்டிருக்கையில வந்து, பாலத்தடி மண்ணு எப்படி இருக்குன்னு ஒன்னயத்தான் கேட்டேன். சுத்தமா இருக்கு அண்ணின்னு சொன்ன. அன்னைக்கிச் சாயங்காலந்தான் மொத ஏட்ட வாயில வச்சேன்.