ஐந்து வருடத்தில் இரண்டு மைல்

...ஆங்கிலத்தில் முதல் பரிசு வாங்கியவள் என்பதால் என்னை இங்கே பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பரிசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், என் பெரியப்பாவின் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான். தலைமையாசிரியை அம்மா கொடுத்த ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பெரியப்பா பெயர் தெய்வசிகாமணி. அவரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. வயது அறுபதுக்கு மேல். மேலே கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம்.

இந்த மாதிரிப் பழைய காரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். ரோட்டில் ஓட்டத் தகுதியானதுதான் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பாவின் கார் இதுவரை மூன்று முறை பாஸ். ஒரு குறைகூட இல்லாமல் பாஸ். மூன்று அறிக்கைகளையும் லேமினேட் செய்து, அன்றைய மீட்டர் அளவை ஓரத்தில் தன் கையால் குறித்து, ஃபைலில் வைத்திருக்கிறார்.

போன ஆவணியில் நான்காவது முறை. இந்த முறை அவசரம். மூன்றாம் நாள் பெரியப்பா மகள் மேகலா அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும், இந்தக் காரில் மாப்பிள்ளையை உட்கார வைத்துத் தானே ஓட்டி வருவதாகப் பெரியப்பா சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆய்வுக்குக் காரை எப்படிக் கொண்டுபோனார் தெரியுமா? லாரியில். தார்ப்பாய் போட்டு மூடி, லாரியில்.

"ஏனுங்க பெரியப்பா, ஓட்டிட்டே போலாமே?" என்று கேட்டேன்.

"வழியில நின்னுபோச்சுன்னா எப்படி பாஸ் ஆகறது?" என்றார்.

ஆபீஸுக்கு முந்தின தெருவில் லாரியை நிறுத்தி, காரை இறக்கி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போனோம். மெக்கானிக் இருதயராஜ் அண்ணன் மொபெட்டில் பின்னால் வந்தார். ஃபைல் என் மடியில்.

ஆய்வாளர் செங்கமலம் மேடம் புதிதாக வந்தவர். பிரேக்கைப் பார்த்தார்... சரி. விளக்கைப் பார்த்தார்... சரி. ஹாரனை அடித்தார்... சரி. பிறகு என் மடியிலிருந்த ஃபைலை வாங்கிப் பார்த்தார். காரின் மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் ஃபைலைப் பார்த்தார்.

"இந்த வண்டி எங்க ஓடுதுங்க?"

"ரோட்டுலதானுங்க மேடம்."

"எந்த ரோட்டுல?"

பெரியப்பா துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மேடம் ஃபைலைக் காட்டினார்.

"போன தடவை நாப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு. இன்னிக்கு இருநூத்தி எட்டு. அஞ்சு வருசத்துல ரெண்டு மைல்."

"பத்திரமா வச்சிருக்கமுங்க. நாளன்னிக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு எடுக்கறமுங்க."

அந்த இரண்டு மைலும் லாரிக்கும் ஆபீஸுக்கும் நடுவிலும், ஆய்வு மைதானத்தைச் சுற்றியும் ஓடியது.

மேடம் கையெழுத்துப் போட்டார். "பாஸ். நான் பார்க்க வேண்டியதெல்லாம் சரியாத்தான் இருக்குது. இன்னிக்குப் பத்தரை மணிக்கு, இந்த மைதானத்துல, சரியா இருக்குது. நாளன்னிக்கு மாப்பிள்ளையோட நடுரோட்டுல நிக்குமா நிக்காதான்னு எழுத இந்தப் பேப்பர்ல இடம் இல்லீங்க."

லாரிக்காரர் காரை ஏற்றப் பலகை போட்டுக் காத்திருந்தார். பெரியப்பா பலகையைப் பார்த்தார்... சான்றிதழைப் பார்த்தார்... பலகையைப் பார்த்தார்.

"பலகைய எடுத்துருங்க" என்றார்.

வீடு பதினோரு கிலோமீட்டர். நான்கு மணி நேரம் ஆனது. கரும்புச்சாறு கடை முன்னால் ரேடியேட்டர் கொதித்தது. ரயில்வே கேட்டில் பெட்ரோல் ஏறவில்லை, டேங்க் நிறையத் துரு. மூன்றாவதாக நின்ற இடம் சம்பந்தியின் எண்ணெய் மில் வாசல். இடத்தைக் கார்தான் தேர்ந்தெடுத்தது.

சம்பந்தி வெளியே வந்தார். "ஏனுங்க, பாஸ் ஆச்சுன்னு இப்பத்தான போன்ல சொன்னீங்க?"

"பாஸ்தானுங்க. லேமினேட் பண்றது மட்டும் பாக்கி."

"அப்ப தள்ளலாங்களா?"

சம்பந்தியும் மில்லில் இருந்த மாப்பிள்ளையும் தள்ளினார்கள். மாப்பிள்ளை அந்தக் காரை முதன்முதலில் தொட்டது பின்பக்கத்தில்தான்.

வீடு வந்து சேர்ந்தபோது, இருதயராஜ் அண்ணன் சான்றிதழின் பின்பக்கத்தில் ஒன்பது குறைகள் எழுதியிருந்தார். எல்லாம் ரோட்டில் மட்டும் தெரிகிற குறைகள். அன்றைக்கும் மறுநாளும் அவரும் பெரியப்பாவும் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடுகூட உள்ளே போனது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று நாதஸ்வரத்துக்குப் பின்னால் அந்தக் கார் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. வழியில் ஒரே ஒரு இடத்தில் நின்றது. மண்டப வாசலில். பெரியப்பா பிரேக் போட்டதால்.

சரி... இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன்?

போன மாதம் ரயிலில், எதிரில் இருந்த ஒரு வடநாட்டு அம்மா, இது எந்த ஸ்டேஷன் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கு ஸ்டேஷன் தெரியும். ஆங்கிலத்தில் நான் தொண்ணூற்றெட்டு. ஜன்னலுக்கு வெளியே பெயர்ப்பலகை இருந்தது. அதை விரலால் காட்டினேன்.

தோழிகளே, என் மீட்டரில் எத்தனை மைல்? உங்கள் மீட்டரில் எத்தனை? முக்கிய வினாக்கள் என்ற லாரியில் ஏறுகிறோம். தேர்வு அறைக்கு முந்தின தெருவில் இறங்குகிறோம். பாஸ் ஆகிறோம். அதே லாரியில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். நம்மிடம் குறை இல்லாதது போலத் தெரிவது, நாம் ஓடாததால்தான். தேர்வு வைத்தவர்கள் மேல் தவறில்லை. அந்தப் பேப்பரில் அதற்கு மேல் எழுத இடம் இல்லை.

இந்தப் பரிசை நான் திருப்பித் தரப் போவதில்லை. பெரியப்பாவும் நான்காவது சான்றிதழை லேமினேட் செய்துவிட்டார். ஆனால் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்.

நாளை மதியம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, சைக்கிள் ஷெட் பக்கத்தில் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசப் போகிறேன். மூன்று இடத்திலாவது நின்றுவிடுவேன்.

தள்ளுவதற்கு ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?